எகிப்து மண்டபத்தில் றோஸ் பாண்

அன்ரனெற்றின் கண்ணுக்குத் தப்பி ஓர் ஈ, இலையான்கூட எகிப்து மண்டபத்துக்குள் நுழைந்ததில்லை. அவள் காலையில் வந்து வாசலில் நின்றால் மம்மிகள் எல்லாம் துணியை இழுத்து மூடிக்கொண்டு நேராகப் படுத்துக்கொள்ளும். இதில் கொஞ்சம் கூட்டல் இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இலையான் ஒன்றிரண்டு வந்திருக்கும். மம்மி அங்கே ஒன்றே ஒன்றுதான், அதுவும் செத்த நாளிலிருந்து நேராகத்தான் படுத்திருக்கிறது. ஆனால் டொரொன்டோ நகரத்தின் நடுவில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தில் அவளை விஞ்சிய சந்தேகக்காரி வேறொருத்தி இல்லை என்பதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

அன்ரனெற் மன்னார்க்காரி. அவளுடைய இளமைக்காலம் பாதி சோதனைச்சாவடி வரிசையில் போயிற்று. பள்ளிக்கூடம் போகவும் வரிசை, பூசைக்குப் போகவும் வரிசை. வரிசையின் முடிவில் நிற்கும் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், கடைசியாக "கையைக் காட்டு" என்பான். அங்கேதான் அவள் ஒன்றைப் படித்தாள்: முகம் எதையும் சொல்லும், கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. கனடாவுக்கு வந்து ஊறுகாய்ப் போத்தல் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றாள், கோப்பிக் கடையில் நின்றாள், பிறகு காவலாளிப் படிப்புப் படித்து பல கடைகள் சேர்ந்த ஒரு வளாகத்தில் நின்றாள். எங்கே நின்றாலும் மற்றவர்களின் கையைத்தான் பார்த்தாள். அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். முழங்கால் நோவுக்கு ஓர் உயர முக்காலி கொடுத்தார்கள். அதில் ஏறி உட்கார்ந்த அன்றுதான் அவளுக்கு விளங்கியது, வாழ்க்கையில் முதன்முறையாகக் கையைக் காட்டும் பக்கம் இல்லாமல் கையைப் பார்க்கும் பக்கம் தனக்குக் கிடைத்திருக்கிறது என்று. அந்த முக்காலியை அவள் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எகிப்துக்காரர்களிலும் அவளுக்கு முதலில் நம்பிக்கை இருக்கவில்லை. ஞாயிற்றுப் பூசையில் கேட்ட பார்வோன் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும். "போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தேர்களோடு பின்னால் துரத்திவந்த ஆள். மண்டபத்துக்குள் வந்து பார்த்தால், கல்லில் வடித்த அரசர்கள் எல்லோரும் பொய்த்தாடி கட்டியிருந்தார்கள். அரசி ஒருத்தியும் கட்டியிருந்தாள். தங்களைக் கடவுள் என்று தாங்களே சொல்லிக்கொண்டு, போதாக்குறைக்கு ஒட்டுத்தாடியும் வைத்துக்கொண்டவர்களை எப்படி நம்புவது?

பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டுகிற வேலை ஸ்டெபனியுடையது. மார்க்கம் நகரத்திலிருந்து வரும் பல்கலைக்கழக மாணவி, தமிழ்ப் பிள்ளை. அவள் பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அன்ரனெற்றுக்குப் பாதிச் சரித்திரம் வந்துவிட்டது. எகிப்து அரசர்கள் தெற்கே நூபியாவைப் பிடித்துப் பொன்னை அள்ளினார்கள், பல நூறு வருசம் கழித்து நூபியாக்காரன் வந்து எகிப்தின் சிம்மாசனத்திலேயே ஏறி உட்கார்ந்தான் என்று ஸ்டெபனி சொன்ன அன்று, அன்ரனெற் முக்காலியில் இருந்தபடியே, "அது சரிதானே" என்றாள்.

அவளுக்குப் பிடித்தது ஒரு படம். இடதுபக்கச் சுவரில், செத்தவனின் இருதயத்தைத் தராசில் வைத்து ஓர் இறகுக்கு எதிராக நிறுக்கும் படம். நரித்தலைக் கடவுள் தராசின் முள்ளைப் பார்க்கிறார். கொக்குத்தலைக் கடவுள் எழுதிக்கொள்கிறார். பாரம் கூடின இருதயத்தை விழுங்குவதற்கு முதலைவாய் மிருகம் ஒன்று பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறது. செத்தவனோ ஒருவரும் கேட்க முன்னரே, நான் களவெடுக்கவில்லை, நான் பொய் சொல்லவில்லை, கோயில் அப்பத்தில் கை வைக்கவில்லை என்று ஒப்புவித்துக்கொண்டு நிற்கிறான்.

"செத்தாப் பிறகும் செக்பொயின்ற்தான்," என்றாள் அன்ரனெற் ஸ்டெபனியிடம். "உவனைப் பார். கேக்க முன்னம் இல்லையெண்டு சொல்லுறான். உவன்தான் எடுத்திருக்கிறான்."

"அன்ரி, யூ சஸ்பெக்ற் எவ்ரிபடி," என்று ஸ்டெபனி சிரித்தாள்.

மாசி மாதம், வெளியே உறைபனி. காலையில் மண்டபத்தைத் திறந்து வழக்கமான சுற்று வந்தபோதுதான் அன்ரனெற் அதைக் கண்டாள். மூலையில், பெரிய தூணுக்கு மறைவாக, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கற்பலகை நிற்கிறது. தானியக் களஞ்சிய மேற்பார்வையாளன் இந்தெஃப் என்பவனுடைய கல். நாலாயிரம் வருசத்துக்குக் கிட்டப் பழையது. குவித்த அப்பங்களுக்கு முன்னால் இந்தெஃப் கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். அந்தக் கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில் துகள்கள் கிடந்தன. பக்கத்தில், சின்னக் காசு அளவில் ஒரு பிசுபிசுத்த வட்டம்.

முழங்கால் நோவைப் பொறுத்துக்கொண்டு குனிந்து மணந்து பார்த்தாள். இஞ்சி.

துடைத்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கள்ளன் உசாராகிவிடுவான். ஆனால் அடுத்த கிழமையும் துகள் கிடந்தது, அதற்கடுத்த கிழமையும். அவள் ஒவ்வொரு காலையிலும் முதல் வேலையாகத் தூணுக்குப் பின்னால் போய்க் குனிந்து மணந்தாள்.

முதல் சந்தேகம் ஸ்டெபனியில். அந்தப் பிள்ளையின் வாய் எப்போதும் எதையாவது அரைத்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு பள்ளிப் பிள்ளைகளில். பிறகு, இரவுத் துப்புரவுக்காரரில். யாரைச் சந்தேகிப்பதென்று களைத்துப்போனால், நவரட்ணம் அண்ணையிடம் போய்ச் சொல்லி ஆறுவாள்.

நவரட்ணம் கிழமைக்கு ஒருநாள் வருகிற மனிதர். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், மகன் வீட்டில் இருக்கிறார். பஸ் மாறிப் பஸ் மாறி வருவார். மண்ணிறக் கோட்டு, கழுத்தில் மப்ளர், நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கோயில் வீதி சுற்றுகிறவரைப் போலக் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடப்பார். ஒரு கண்ணாடியைத் தொட்டதில்லை, ஒரு சிலையைத் தடவியதில்லை. எல்லா வருகையாளரும் இப்படி இருந்தால் தனக்கு வேலையே இருக்காது என்று அன்ரனெற் நினைப்பாள்.

"அண்ணை, ஆரோ சாப்பாட்டைக் கொண்டந்து கொட்டுதுகள்," என்றாள் அவரிடம்.

"கொட்டுறதோ?" நவரட்ணத்தின் முகம் சுருங்கியது. "கொட்டுறதெண்டு ஏன் பிள்ளை சொல்லுறீர். கவனமாய் வச்சிருப்பினம்."

"வச்சால் என்ன, கொட்டினால் என்ன. ஆளைப் பிடிச்சால் தெரியும்."

"உவ்வளவு சனம் வருது. ஆரெண்டு கண்டுபிடிக்கிறது." அவர் தலையை ஆட்டிக்கொண்டு தராசுப் படத்தின் பக்கம் நகர்ந்தார்.

பங்குனி பிறந்ததும் மேற்பார்வையாளன் அலெக்ஸாண்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். தீவுப் பக்கத்துப் பிள்ளை, கத்தோலிக்கன், அவளைவிட வயதில் குறைந்தவன். ஆகவே அவன் அவளுக்கு "அக்கா", அவள் அவனுக்கு "தம்பி". மேசையில் ஒரு ரிஷ்யூக் கடதாசியை விரித்து வைத்திருந்தான். அதற்குள் துகள்.

"இது என்ன அக்கா?"

"பாண்."

"என்ன பாண்?"

அவள் ஒரு துகளை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "றோஸ் பாண், தட்டையாய் முறுகச் சுடுறது. கரை கருகியிருக்கு. எங்கட அஜின்கோர்ட் பேக்கரிப் பாண்."

"அதைத்தான் நானும் நினைச்சன்," என்றான் அலெக்ஸாண்டர். "உங்கட லஞ்ச் பொக்ஸில இண்டைக்கு என்ன?"

றோஸ் பாணும் சம்பலும். நேற்றும் அதுதான். அன்ரனெற் நசுக்கிய துகளைத் திரும்ப ரிஷ்யூவில் வைத்தாள்.

"பிளாஸ்கில?"

"தேத்தண்ணி."

"இஞ்சி போட்டதோ?"

"தம்பி, என்ன கேக்கிறாய்?"

அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். மண்டபத்துக் கமரா தங்க முகமூடியைத்தான் பார்க்கும். தூணின் மறைவு அதற்குத் தெரியாது. தெரிவதெல்லாம் யார் தூணுக்குப் பின்னால் போகிறார்கள் என்பதுதான். காலை, வெறும் மண்டபம், அன்ரனெற் போகிறாள், குனிகிறாள், வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். அடுத்த நாள் காலையும் அதே அன்ரனெற்.

"நான் மணந்து பார்க்கப் போனது," என்றாள். "மூக்கைத்தான் துடைச்சனான். நான் சாப்பிடேல்லை. நான் ஒண்டும் வைக்கேல்லை. நான்…"

சொல்லிக்கொண்டு போகும்போதே அவளுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. தராசுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று ஒப்புவிக்கிறவன். வாயை மூடிக்கொண்டாள்.

அலெக்ஸாண்டர் குரலைத் தணித்தான். "வேற ஆக்கள் கண்டிருந்தால் சிப்ஸ் எண்டு கூட்டித் தள்ளியிருப்பினம். கண்டது நான். அதுதான் கரைச்சல். பூச்சி வந்தால் மரப்பெட்டி, மம்மித்துணி எல்லாம் அரிச்சுப்போடும். இன்னொருக்கால் துகள் கண்டால் நான் மேல எழுதத்தான் வேணும் அக்கா. எழுதினால் உங்களை வச்சிருக்கமாட்டினம். எங்கட ஆக்கள்தான் உப்பிடி எண்டு என்னையும் சேத்துப் பாப்பினம்."

வெளியே வந்து முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இனி இந்த வயதில் எங்கே போவது? குளிருக்குள் ஒரு கார்த் தரிப்பிடக் கூண்டு கிடைக்கலாம். அது போகட்டும். திரும்பவும் ஒருவன் தன் கையைப் பார்க்கிறானே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அலெக்ஸாண்டரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள். கொழுந்தியாளுக்கு வேலை தேடுகிறான் என்று கேள்வி. பாணைத் தானே வைத்துவிட்டுத் தன்னைத் துரத்தப் பார்க்கிறானோ? அவன் கையைப் பார்த்தாள். நகம் வெட்டிய, சுத்தமான, மோதிரக் கை. சுத்தம் கூடிப்போனதே ஒரு சந்தேகம்.

மத்தியானச் சாப்பாட்டை மாற்றினாள். இடியப்பம் கொண்டுவந்தாள். பிளாஸ்கில் வெந்நீர். முக்காலியைத் தூண் தெரிகிற பக்கம் நகர்த்திப் போட்டாள். யார் தூணுக்குப் பின்னால் போனாலும் கூடவே போனாள். ஒரு சீனத் தம்பதி அவள் தங்களைப் படம் எடுத்துத்தர வந்திருக்கிறாள் என்று நினைத்து அலைபேசியை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தாள், அவர்களின் கையைப் பார்த்தபடியே.

அந்தக் கிழமை நவரட்ணம் வந்தார். கை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால். நேரே இந்தெஃபின் கல்லடிக்குப் போனார். அன்ரனெற்றுக்கு அவர் பின்னால் போகத் தோன்றியது சந்தேகத்தினால் இல்லை, தன் துக்கத்தைச் சொல்வதற்காகத்தான். அவள் வருவதைக் கண்டதும் அவர் சட்டென்று திரும்பிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சுகமோ பிள்ளை?"

"என்னத்தைச் சுகம் அண்ணை," என்று தொடங்கியவளின் கண் அவருக்குப் பின்னால் போயிற்று.

மண்டபத்தில் வெளிச்சம் மங்கல். கல்லுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கு. அந்த வெளிச்சத்தில் அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதில் நவரட்ணத்தின் முதுகு தெரிந்தது. முதுகில் கட்டியிருந்த கை தெரிந்தது. ஒரு கையில் கருகிய கரையோடு ஒரு துண்டு றோஸ் பாண். மற்றக் கையில் சின்னப் போத்தல்.

இத்தனை காலமும் எல்லோருடைய கையையும் பார்த்தவள், பார்க்கவே முடியாத இடத்தில் கையை வைத்துக்கொண்டு நடந்த ஒரே ஆளை மரியாதைக்காரர் என்று விட்டிருக்கிறாள்.

"அண்ணை," என்றாள் மெல்ல. "கையைக் காட்டுங்கோ."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது. நவரட்ணத்துக்கும் உறைத்திருக்கும், அவரும் அந்த வரிசைகளில் நின்றவர்தான். இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து விரித்தார். போத்தலில் ஜிஞ்சர் பியர். தமிழ்க்கடையில் விற்கிற இனிப்புச் சோடா.

"என்ன வேலை பாக்கிறியள் அண்ணை?" என்றாள் அவள். "என்ர வேலை போகப்போகுது. நான்தான் வைக்கிறன் எண்டு அலெக்ஸ் நினைக்கிறான். இன்னொருக்கால் கண்டால் மேல எழுதப்போறான்."

நவரட்ணத்தின் முகம் வெளிறியது. "எனக்குத் தெரியாது பிள்ளை. சத்தியமாய்த் தெரியாது. தெரிஞ்சிருந்தால்…"

"ஏன் வச்சனியள்?"

அவர் கல்லுக்குக் கீழே ஒட்டியிருந்த விளக்கப் பலகையைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை விரல் வைத்துத் தமிழில் சொன்னார்.

"பூமியில உயிரோட இருக்கிற ஆக்களே, இந்தக் கல்லைக் கடந்து போற ஆக்களே, களஞ்சிய மேற்பார்வையாளன் இந்தெஃபுக்கு ஆயிரம் அப்பமும் ஆயிரம் பியரும் எண்டு போட்டிருக்கு. பாத்தீரோ, கேக்கிறான். வாய் விட்டுக் கேக்கிறான். என்ர உத்தியோகம்தான் அவனுக்கும். சங்கக்கடை மனேச்சர். ஆயிரம் எங்களாலை ஏலாது. ஒரு துண்டெண்டாலும்…"

"பியர்?"

"நான் சைவம், பிள்ளை. பியர்க் கடைப் படி ஏறமாட்டன். ஜிஞ்சர் பியரும் பியர் எண்டுதானே போட்டு விக்கிறாங்கள்."

அன்ரனெற்றுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுதாக வரவில்லை. இந்தக் கதை உண்மையோ என்று அவர் கையைப் பார்த்தாள். பாணைப் பிடித்திருந்த விதம் அவளுக்குத் தெரிந்த விதம். நற்கருணை வாங்கப் போகிறவர்கள் கையை அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

"என்ர மனிசியின்ர ஆண்டுத் திவசத்துக்கு வீட்டுக்குப் பின்னால படைச்சு வச்சன்," என்றார் அவர். "காகம் வரேல்லை. குப்பை கிளறுற றக்கூன் வந்து தூக்கிக்கொண்டு போட்டுது. பக்கத்து வீட்டுக்காரன் சிற்றிக்கு அறிவிச்சிட்டான். மருமகள், இனி வெளியில ஒண்டும் வைக்கவேண்டாம் மாமா எண்டிட்டா. அது மனிசிக்குச் சேர்ந்துதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மனிசி ஒருநாளும் எனக்கு உது வேணும், இது வேணும் எண்டு கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும். இவன் கேக்கிறான். கேக்கிறவனைக் கடந்து எப்பிடிப் போறது?"

தூணுக்கு அப்பால் காலடிச் சத்தம். அலெக்ஸாண்டர். அவனோடு பேசிக்கொண்டு ஸ்டெபனியும் வந்தாள்.

அன்ரனெற் ஒரு கணம் நின்றாள். கையும் களவுமாக ஆள் நிற்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முக்காலி அவளுக்கு. இவருக்கு வாசல் மூடிவிடும். கிழமைக்கு ஒருமுறை ரூஜிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வரும் அந்த நாளும் இல்லாமல் போகும்.

நவரட்ணம் அவளுக்கு அந்த வேலையை வைக்கவில்லை. தானாக முன்னால் போய், பாணையும் போத்தலையும் நீட்டினார்.

"தம்பி, நான்தான். இந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதுறதெண்டால் என்ர பேரை எழுதும்."

அலெக்ஸாண்டர் பாணைப் பார்த்தான். அன்ரனெற்றைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமோ அக்கா, இவர்தான் எண்டு?"

"இப்பதான் கண்டன்."

"ஆர் நம்புறது?"

"நம்பாட்டில் விடு. நான்கூட உன்னைத்தான் நினைச்சனான். கொழுந்திக்கு வேலை எடுக்கிறதுக்கு நீ வைக்கிறாய் எண்டு."

ஸ்டெபனி பொங்கிய சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு பலகையைக் காட்டிக் கேட்டாள், "அங்கிள், இதை வாசிச்சிட்டோ கொண்டுவந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை. கேட்டிருக்கிறானே."

"பட், இது முடியேல்லை. பாருங்கோ, டொற் டொற் டொற்." அப்பமும் பியரும் என்ற இடத்துக்குப் பின்னால் மூன்று புள்ளிகள் இருந்தன. "லேபிளில இடம் காணாமல் மிச்சத்தை விட்டிட்டினம். கல்லில இருக்கு. ரூர் ட்ரெயினிங்கில எங்களுக்குச் சொல்லித் தந்தவை. கையால ஒண்டும் கொண்டுவர வேண்டாமாம். வாய்மூச்சு காணுமாம். ஆயிரம் அப்பம், ஆயிரம் பியர் எண்டு நீங்கள் சொன்னாலே அவருக்குப் போயிடுமாம். லைக், அதாலை உங்களுக்கு ஒரு களைப்பும் இல்லை எண்டும் அவரே எழுதியிருக்கிறார்."

நவரட்ணம் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பறவையும் பாம்பும் நாணலுமாக இருந்த அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார்.

"சொன்னால் காணுமோ?"

"காணும் அங்கிள்."

"எங்க நிண்டு சொன்னாலுமோ? வீட்டிலையும்?"

"அது… கல்லுக்கு முன்னால எண்டுதான் இருக்கு. ஆனால் வீட்டிலை சொன்னால் ஆர் வேண்டாம் எண்டுறது."

அவர் எதை நினைத்துக் கேட்டார் என்று அன்ரனெற்றுக்கு விளங்கியது. ரூஜில், றக்கூன் எடுக்க முடியாத, பக்கத்து வீட்டுக்காரன் அறிவிக்க முடியாத ஒரு படையல்.

அலெக்ஸாண்டர் பாணையும் போத்தலையும் வாங்கிக்கொண்டான். பலகையிலிருந்த மூன்று புள்ளிகளைத் தானும் குனிந்து பார்த்தான். "அப்ப பிழை லேபிளிலை," என்றான் கடைசியாக. முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "லேபிளை முழுசாய்ப் போடச் சொல்லி எழுதுறன். விளங்காமல் ஒரு ஆள் பாண் வச்சவர், இனி வைக்கமாட்டார் எண்டும் எழுதுறன். அக்கா, நீங்கள் உங்கட முக்காலிக்குப் போங்கோ. றோஸ் பாணையும் கொண்டு வாங்கோ, இடியப்பம் உங்களுக்குச் சரிவராது. அண்ணை, இனி வெறுங்கையோட வாங்கோ. கை முன்னுக்கு."

"முன்னுக்கு, முன்னுக்கு," என்றார் நவரட்ணம்.

அன்ரனெற் முக்காலிக்குப் போகவில்லை. தூணில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். அலெக்ஸாண்டர் வேண்டாம் என்று தடுத்தான். மப்ளரை எடுத்து இடுப்பில் சுற்றினார். கல்லுக்கு முன்னால் நேராக நின்று இரண்டு கையையும் கூப்பினார். அன்ரனெற் அந்தக் கையைப் பார்த்தாள். வெறுங்கை. திரும்பவும் ஒருமுறை பார்த்தாள். பழக்கம் அவ்வளவு இலேசில் விடாது.

"இந்தெஃப்," என்றார் நவரட்ணம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குரலில். "உமக்கு ஆயிரம் றோஸ் பாண். ஆயிரம் ஜிஞ்சர் பியர்."

"ஜிஞ்சர் எண்டு கல்லில இல்லை, அண்ணை," என்றான் அலெக்ஸாண்டர். "தனிப் பியர்."